செஞ்சு பாத்தது

செவ்வாயும் வெள்ளியும் எங்களுக்கு.
புதுவயலிலிருந்து ஐந்தே கால் பஸ்,
காரைக்குடி ஆஸ்பத்திரியின் பின்வாசல்.
செருப்பைக் கழற்றி எடைமேடையில் ஏறி
எவ்வளவு தண்ணீர் சுமந்து வந்தோம் என்று
நவமணி சிஸ்டரிடம் ஒப்புக்கொள்வோம்.
இரண்டே முக்கால் கிலோ கூடியிருந்தால்
வெள்ளைக்கண்ணு மெல்ல இருமுவார்:
"நேத்து யார் வீட்டு ரசம்?"

ஆறு கட்டில், ஆறு எந்திரம்.
நாலு மணி நேரம் ரத்தம்
வெளியே நடந்துவிட்டு வரும்.
அதுவரை பேச்சுதான்.

நான் பந்திச் சமையல்காரன்.
ஆயிரம் இலை என்றாலும்
உள்ளங்கையில் உப்பு அளந்தவன்.
வந்த முதல் மாதம்
எனக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கச் சொல்லிக்கொடுத்தது
அரிசி மண்டிக் கணக்குப்பிள்ளை வெள்ளைக்கண்ணு,
வாழ்நாளில் அடுப்புப் பற்றவைக்காதவர்.
பொடியாக நறுக்கு, வெந்நீரில் ஊறப்போடு,
அந்தத் தண்ணீரைக் கொட்டு,
வேறு தண்ணீரில் வேகவை, அதையும் கொட்டு.
"சாரமெல்லாம் போயிடுமே" என்றேன்.
"போகத்தான்" என்றார்.

தாகத்துக்கு ஆளுக்கொரு வழி.
சிகப்பி ஆச்சி ஒற்றைக் கிராம்பை
மத்தியானம்வரை கன்னத்தில் அடக்கியிருப்பார்.
ஜொகரா மருந்து மூடிகளில் நீர் ஊற்றி உறையவைப்பாள்,
நாளுக்கு எட்டு மூடி.
வெள்ளைக்கண்ணு கொப்பளித்துத் துப்புவார்,
துப்பியதையும் அளப்பார்:
"உள்ளே எவ்வளவு தங்குச்சுன்னு தெரியணுமே."

சொல்ல மறந்த ஒன்று இருக்கிறது.
மறக்கவில்லை. தள்ளிப்போடுகிறேன்.

சித்திரை வெயிலில், ஐந்தாம் கட்டில் சூசைமாணிக்கம்
உதடு வெடித்துக் கிடந்தார். கொத்தனார்.
நான்தான் சொன்னேன், இளநீர் குடிங்க,
குளிர்ச்சி, ஒண்ணும் செய்யாது என்று.
எனக்கு யாரும் சொன்னதில்லை.
பந்தியில் கேட்காமலே பாயசம் ஊற்றும் கை,
வாயும் அப்படியே பழகிவிட்டது.
அவர் இரண்டு குடித்தார்.
ஞாயிறு இரவு கை கால் ஓய்ந்து
நெஞ்சு தாளம் தப்பி
மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

செவ்வாயன்று அந்தக் கட்டிலில்
விரிப்பு மடிப்புக் குலையாமல் இருந்தது.
ஆச்சிதான் கேட்டார், எந்திரத்தைப் பார்த்தபடி:
"நீங்களா சொன்னது?"
"ஆமா."
"போன வருஷம் நானும் ஒருத்தருக்கு
வாழைத்தண்டுச் சாறு சொல்லியிருக்கேன்."
அதற்கு மேல் அவர் பேசவில்லை.
யாருக்கு என்று நான் கேட்கவும் இல்லை.

அதிலிருந்து, யார் எதைச் சொன்னாலும்
ஜொகரா குறுக்கே விழுவாள்:
"செஞ்சு பாத்ததா, கேட்டதா?"
கேட்டது என்றால், நவமணி வரும்வரை
அந்தப் பேச்சு கன்னத்துக் கிராம்பாய்க் காத்திருக்கும்.

ஊசி ஏறுகிற கையில் ஒரு வண்டு இருக்கிறது,
படுக்குமுன் காதில் வைத்துக் கேளுங்கள்,
சத்தம் நின்றால் ஓடிவந்துவிடுங்கள் என்று
ஆச்சி சொல்லியிருந்தார். செஞ்சு பாத்தது.
வைகாசி பிறந்த ராத்திரி ஜொகராவின் வண்டு நின்றது.
வலி இல்லை, வீக்கம் இல்லை,
ரீங்காரம் மட்டும் இல்லை.
விடியட்டும் என்றாராம் வீட்டுக்காரர்.
அவள் பால் வண்டியில் ஏறி வந்துவிட்டாள்.
அடைப்பை எடுத்தார்கள், கை பிழைத்தது.
யாரம்மா சொன்னது என்று டாக்டர் கேட்டதற்கு
"மூணாம் கட்டில்" என்றாளாம்.

நாலாவது வாரம் சூசைமாணிக்கம் வந்தார்.
எடைமேடையில் ஏறும்போதே என்னைப் பார்த்துவிட்டார்.
கையில் இரண்டு ஊசி, எழ முடியவில்லை எனக்கு.
மன்னிப்பை பஸ்ஸிலேயே பல நாள்
ஊறவைத்து வடித்து வைத்திருந்தேன்.
வாய்க்கு வந்தபோது அதில் சாரமே இல்லை.

அவர் உட்கார்ந்தார்.
பக்கத்துச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார்,
பூச்சு சரியில்லையாம்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"மாஸ்டர், இன்னிக்கு என்ன ஊத்தப்போறீங்க?"

ஜொகராதான் முதலில் சிரித்தாள்.
வெள்ளைக்கண்ணுக்கு நிஜமாகவே இருமல் வந்தது.
நான் சும்மா இருந்த கையால்
பிளாஸ்கைத் திறந்து நீட்டினேன்,
ஒரு மூடி ஐஸ்,
என் எட்டில் ஒன்று.